ஒரே கேஜில் இறங்கிய சாட்சிகள்

இருபத்தாறு வயதில் உயில் எழுதுகிறவன் ஒன்று சீக்காளியாக இருக்க வேண்டும், இல்லை கோழையாக இருக்க வேண்டும் என்பது முனிரத்தினத்தின் கட்சி. அவன் இரண்டும் இல்லை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டுமரம் கொடுக்கிற வேலை அவனுக்கு. இரண்டு ஆள் தூக்கும் கட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடுவான். சாவைப் பற்றி நினைக்க அவனுக்கு நேரமே இல்லை. சாகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அவனுக்கும் சேர்த்து லூயிசா நினைத்தாள். அவள் அதை ஏட்டில் படிக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அவளுடைய அப்பா இருபத்தெட்டு வயதில் காலராவில் போனார். நிலம் இன்னாருக்கு என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பாடை தெருமுனை திரும்பியதும் சித்தப்பா உள்ளே வந்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். நிலம் போனது அப்புறம். முதலில் போனது பானை. நாலு வயதுப் பிள்ளைக்குப் பானைதானே ஞாபகம் இருக்கும்? அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மிஷன் கஞ்சித் தொட்டிக்கு நடந்தாள். அங்கேதான் அவள் லூயிசா ஆனாள், தன் பேரை எழுதவும் கற்றுக்கொண்டாள்.

துரை வீட்டு ஆயாவாகத் தங்கவயலுக்கு வந்த இடத்தில் முனிரத்தினத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகு யார் சொல்லும் காதில் ஏறவில்லை. அவன் ஞானஸ்நானம் வாங்கட்டும், பிறகு மணியடிக்கலாம் என்றார் சாமியார். ஞானஸ்நானம் வாங்கினால் முனீஸ்வரன் கோபித்துக்கொள்வான் என்றான் அவன். ஊரில் இருந்த அவனுடைய அண்ணன் சின்னசாமி, வேதக்காரப் பெண்ணைக் கட்டினால் தம்பியே இல்லை என்று சொல்லி அனுப்பினான். கடைசியில் சுரங்க வாசலில் வேப்பமரத்தடி முனீஸ்வரன் முன்னால் தாலி கட்டினான். பார்த்தவர்கள் அவனோடு வேலை செய்யும் ஐந்து பேர். மேளமும் இல்லை, சாமியாரும் இல்லை, ஜாதி ஜனமும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது கல்யாணமே இல்லை.

அடுத்த வருஷம் ஒரு பெண் பிறந்தது. ஜெயம்மா என்று பேர் வைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், நாலு வருஷம் பூமிக்கடியில் வெந்த கூலியைப் போட்டு, பேத்தமங்களா ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் நிலம் வாங்கினான் முனிரத்தினம். ஒரு கிணறு, ஓடு போட்ட ஓர் அறை. பட்டா அவன் பேரில். லூயிசா அந்தக் கிணற்றுத் தண்ணீரை முதல் முதலாக அள்ளிக் குடித்த அன்றே கேட்டுவிட்டாள், இதை எங்கள் பேருக்கு எழுதி வை என்று.

“எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நெலம் உனக்குத்தான். ஊருக்கே தெரியும்டி” என்றான் அவன்.

“ஊரு சாட்சிக்கு வராது மாமா. காயிதம்தான் வரும்.”

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷம் சொன்னாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதத்தில் அவன் நகர்ந்தான். பங்காருபேட்டையில், தாலுகா அதிகாரியான அமல்தாரின் கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிற கிழவரிடம் இருவரும் போனார்கள். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டியதில்லை. ஆனாலும் கிழவர் ஒன்றை விற்றார். முத்திரை இருந்தால் பார்க்கிறவன் பயப்படுவான் என்றார். அதுவும் பொய் இல்லை. இரண்டு சாட்சியோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் எழுதி முடித்துவிடலாம் என்று சொல்லி, தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு சாட்சிக்கு முனிரத்தினம் எங்கே போவான்? தன் ஆட்களிடம்தான் போனான். அங்கேதான் வந்தது வினை.

அவர்கள் ஆறு பேர் ஒரு செட்டு. வேலு மேஸ்திரி தலைவர். முனிரத்தினம், கொர்னேலியஸ், இன்னும் மூன்று பேர். ஆறு பேரும் ஒரே ஷிப்ட், குழிக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுகிறவர்கள். ஒருவன் இல்லாமல் மற்றவன் வெற்றிலைகூடப் போடமாட்டான். உயில் என்ற பேச்சைக் கேட்டதும் வேலு மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. முன்னொரு காலத்தில் ஒருவன் திங்கட்கிழமை உயில் எழுதினானாம், வியாழக்கிழமை பாறை விழுந்ததாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் ஆயிரம் அடி ஆழத்துக்குத் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் காக்கையைத்தான் நம்புவார்கள். மேஸ்திரி மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“உயில் எழுதனவனோட நாங்க கேஜ்ல ஏறமாட்டோம் தம்பி. எமனுக்கு வெலாசம் குடுத்த மாதிரி அது. இன்னாத்துக்கு காயிதம்? காயிதம் செல்லரிச்சிடும். வாக்கு கேளு, அஞ்சு பேரும் தரோம்.”

முனிரத்தினத்துக்கு அப்பாடா என்று இருந்தது. உயில் எழுதுகிற வெட்கமும் போயிற்று, பெண்டாட்டியின் நச்சரிப்பும் போயிற்று. லூயிசா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அஞ்சு பேரும் ஒரே கேஜ்லதானே அண்ணே போறீங்க?”

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். மங்கலமாக வாழ்கிற வீட்டில் இப்படியா ஒரு சொல் என்றார் மேஸ்திரி. வாயைக் கழுவச் சொன்னார். முனிரத்தினம் அவள் பக்கம் பேசுவான் என்று பார்த்தாள். மறுநாள் காலை முனீஸ்வரன் முன்னால் அவனே செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். எல்லோரும் பார்க்க அவள் மூன்று தரம் வாய் கொப்பளித்துத் துப்பினாள். அதற்குப் பிறகு முனிரத்தினம் கற்பூரம் ஏற்றி, என் நிலமும் வீடும் லூயிசாவுக்கும் என் பெண்ணுக்கும் என்று உரக்கச் சொன்னான். ஐந்து பேரும் கேட்டோம் என்று சொல்லி ஒவ்வொருவராகக் கற்பூரத்தில் கை வைத்தார்கள். கொர்னேலியஸ் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு கை வைத்தான். எந்தச் சாமிக்கும் குறை வரக் கூடாதே. கரகரவென்று மூன்று இருமல், ஒரு காறல். அது அவனுடைய முத்திரை, எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும். லூயிசா முத்திரைத்தாளைப் பெட்டியின் அடியில் போட்டாள்.

ஈஸ்டர் திருநாளுக்கு மறுநாள், காலை ஷிப்டில், கேஜைத் தாங்கிய இரும்புக் கயிறு அறுந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அது கடையை மூடிக்கொண்டு சீமைக்குப் போய்விட்ட ஒரு சின்னக் கம்பெனி. குழியின் அடியில் நின்ற தண்ணீரிலிருந்து இரண்டு நாள் கழித்துப் பிணங்களை எடுத்தார்கள். முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலையில் யாரும் இல்லை. இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்த பித்தளைப் பில்லையின் எண்ணைப் படித்து, பட்டியலில் பேரைத் தேடி, இன்னாருடைய பிணம் இன்னாருக்கு என்று பங்கிட்டார்கள். ஆறு பில்லை, ஆறு பேர்.

பேர்களைப் படிக்கப் படிக்க லூயிசாவின் விரல் தானாக மடங்கியது. தாலி கட்டியவன் ஒருவன், சாட்சி ஐந்து. அழுகைக்கு முன்னால் அந்தக் கணக்கு வந்ததற்காக அவள் தன்னை வெகுநாள் வெறுத்தாள்.

சின்னசாமி மூன்றாம் நாள் வந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த அழுகை அழுதான். தம்பி இருந்தவரை எட்டிப் பார்க்காதவன் பதினாறாம் நாள்வரை பேத்தமங்களா வீட்டிலேயே தங்கி, ஒரு குறை இல்லாமல் காரியம் செய்தான். பதினேழாம் நாள் காலை கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான்.

“எந் தம்பிக்கு கண்ணாலமே ஆவலியே” என்றான். “தாலி கட்டனத யாரு பாத்தா? நெலம் உனுக்குன்னு சொன்னத யாரு கேட்டா? பாத்தவன் கேட்டவன் ஒருத்தன இட்டுனு வா, சாவிய குடுத்துட்டு ரயிலேறிடறேன்.”

அடுப்பில் பானை இருந்தது. சித்தப்பா பானையைத் தூக்கிக்கொண்டு போனார். சின்னசாமி பானையை அவள் கையிலேயே கொடுத்து வெளியே விட்டான். இருபது வருஷத்தில் உலகம் அவ்வளவு முன்னேறியிருந்தது.

அவள் புளியமரத்தடிக் கிழவரிடம் ஓடினாள். வாயால் சொன்ன உயிலும் செல்லும் என்றார் அவர். பட்டா மாற்றத்துக்கு அமல்தார் விசாரணை வைப்பார். காதால் கேட்ட ஒரே ஒரு ஆள் வந்து சொன்னால் போதும். ஒரே ஒரு ஆள். செட்டில் நாலு பேருடைய பெண்டாட்டிகள் பிள்ளைகளோடு ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவள் ஐடா, கொர்னேலியஸின் பெண்டாட்டி. கம்பெனி கொடுத்த பணத்தோடு, மூன்று பிள்ளைகளோடு, கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டிலேயே இருந்தாள். லூயிசாவுக்குப் பிரசவக் காய்ச்சல் கண்டபோது ஒரு மாதம் ஜெயம்மாவுக்குப் பால் கொடுத்தவள் அவள். கொர்னேலியஸ் அந்தக் கற்பூரச் சத்தியத்தைப் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான், அதையாவது அவள் வந்து சொல்லட்டும் என்று ஒரு நடுப்பகலில் லூயிசா போனாள்.

ஐடா வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அப்போது சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கரகரவென்று மூன்று இருமல், ஒரு காறல்.

லூயிசா ஐடாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தாடியும் மீசையுமாகக் கொர்னேலியஸ் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். பூமிக்குள் இல்லை, பூமிக்கு மேலேதான்.

நடந்ததை ஐடா சொன்னாள். ஈஸ்டர் சாராயத்தில் கொர்னேலியஸ் எழுந்திருக்கவே இல்லை. ஒரு நாள் கூலி போகக் கூடாது என்று, திருநாளுக்கு வேலூரிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பி எட்மண்ட் பில்லையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். குழி வாசலில் எண்ணைப் படித்துக் கொர்னேலியஸ் என்றார்கள். இல்லை, அது என் தம்பி என்று சொல்ல ஐடா வாயைத் திறந்தாள். பெண்டாட்டிக்குக் கம்பெனி ஏதாவது கொடுக்கும். அக்காவுக்கு என்ன கொடுக்கும்? தம்பிதான் போயாயிற்று. திறந்த வாயால் புருஷன் பேரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை என்னவோ நிஜம்தான்.

லூயிசாவுக்கு அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. உயிரோடு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே என்று கொர்னேலியஸின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வரேன்மா” என்றான் அவன். “கற்பூரத்துல கை வெச்சவன் நான். ஜெயிலுக்குப் போனாலும் போறேன்.”

அப்போதே லூயிசா ஐடாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆவணி மாதம் விசாரணை வந்தது. பெங்களூரில் எலி செத்து விழுந்து பிளேக் பரவிய சமயம். பங்காருபேட்டை ரயிலடியில் இறங்குகிறவர்களுக்கு நெறி கட்டியிருக்கிறதா என்று அக்குளைத் தடவிப் பார்த்தார்கள். லூயிசா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து புளியமரத்தடியில் நின்றாள். வெயில் ஏறியது, கொர்னேலியஸ் வரவில்லை. பேர் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனபோது ஐடா அங்கே நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் பைபிள். அவளைக் கூட்டி வந்தவன் சின்னசாமி.

அமல்தார் நல்லவர். சாட்சிகள் செத்துப்போனதால் அவர்களுடைய மனைவிகளுக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஐடாவைத் தாமே கேட்டார். உங்கள் புருஷன் இப்படி ஒரு சத்தியத்தைப் பற்றி எப்போதாவது சொன்னாரா?

ஐடா பைபிளில் கை வைத்தாள். “எம் புருஷன் செத்துட்டாருங்க. உசுரோட இருந்தவரைக்கும் இப்படி ஒண்ணும் சொன்னதில்ல.”

“உசுரோட கீறாரு” என்று லூயிசா கத்தினாள். “அவங்க ஊட்டுலதான் கீறாரு. ஆள் அனுப்பிப் பாருங்க சாமி.”

கச்சேரியில் சிரித்தவர்களும் உண்டு, உச்சுக் கொட்டியவர்களும் உண்டு. குமாஸ்தா கம்பெனிப் பட்டியலை எடுத்தார். பில்லை எண், பேர், புதைத்த தேதி, ஜெபம் செய்த சாமியாரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. துக்கத்தில் சிலருக்கு இப்படிப் புத்தி பேதலிக்கும் என்று அமல்தார் இரக்கமாகச் சொன்னார். அந்த இரக்கம் சின்னசாமியின் பூட்டைவிடக் கனமாக இருந்தது. ஐடாவைப் பார்த்த ஜெயம்மா பழைய பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. லூயிசா பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பட்டா சின்னசாமி பேருக்குப் போயிற்று.

வெளியே புளியமரத்தடியில் ஐடா அவளுக்காகக் காத்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்கிறவள் மாதிரி நின்றாள்.

“அந்தச் சின்னசாமியும் எங்க வாசலுக்கு வந்தான். அந்தப் பாழாப்போன இருமல் அவனுக்கும் கேட்டுப்போச்சு” என்றாள். “நீ சத்தியம் இல்லன்னு சொல்லு, நானும் இருமலக் கேக்கலன்னு சொல்றேன்னான். விடியக்காலைல அவர மெட்ராஸ் ரயில்ல ஏத்திட்டேன். இனிமே வரமாட்டாரு. நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்பே, லூயிசா?”

லூயிசா யோசித்துப் பார்த்தாள். ஜெயம்மாவை நினைத்துக்கொண்டு யோசித்தாள். அதையேதான் பண்ணியிருப்பாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

மூட்டையை அவிழ்த்தாள். அடியில் மடித்து வைத்திருந்த முத்திரைத்தாளை எடுத்துக் கிழவர் முன்னால் வைத்து, உயில் எழுதச் சொன்னாள். கிழவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். நிலம் கைவிட்டுப் போய் இன்னும் அரை நாழிகை ஆகவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண், ஒரு பானை, ஒரு மூட்டை. எழுதுவதற்கு உன்னிடம் என்னம்மா இருக்கிறது என்று கேட்டார்.

“இது கீது” என்று லூயிசா பிள்ளையைக் காட்டினாள். “எலி பெங்களூர்ல வுழுது. இங்க வர எத்தினி நாளாவும்? நான் பூட்டா இது யார்கிட்ட போவணும்னு எழுதுங்க.”

யாரிடம் என்று கேட்டார் கிழவர். லூயிசா கையை நீட்டி ஐடாவைக் காட்டினாள். ஐடா ஒரு அடி பின்னால் போனாள்.

“என்னையா?”

“நல்லவங்க எல்லாம் கேஜோட பூட்டாங்கக்கா. பொழைக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான் மிச்சம். உன் கூரைக்காக வேதத்து மேல கை வெச்சு பொய் சொன்னியே, அந்தக் கூரைக்குக் கீழ எம் பொண்ணுக்கும் எடம் குடு.”

ஐடா வாயைப் பொத்திக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. கிழவர் மை தொட்டு எழுத ஆரம்பித்தார். நாலாவது வரியில் பேனா நின்றது. ஐடா இன்னாருடைய மனைவி என்று எழுத வேண்டும். அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா வேண்டாமா? கச்சேரிக்குள் லூயிசா கத்தியது அவர் காதிலும் விழுந்திருந்தது. போட்டால் அவள் கத்தியது பொய் என்று அவளே எழுதிக் கொடுத்ததாகும். அப்புறம் நிலத்துக்காக எந்தக் கச்சேரிக்கும் போக முடியாது. போடாவிட்டால் கம்பெனிப் பட்டியலுக்கு விரோதமான காகிதம். நாளைக்கு இந்தப் பிள்ளைக்காக யார் நீட்டினாலும் செல்லாது. இதை அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஐடா லூயிசாவையே பார்த்தாள்.

பேத்தமங்களாக் கிணற்றுத் தண்ணீரின் ருசி ஒரு கணம் லூயிசாவின் நாக்குக்கு வந்தது. எச்சிலோடு விழுங்கினாள்.

“காலஞ்சென்றன்னே போடுங்க” என்றாள்.

கிழவர் எழுதி முடித்து, சாட்சிக்குத் தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டார். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும் என்றார். லூயிசா பேனாவை வாங்கவில்லை. இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேல செய்றவங்களா?”

இல்லை, ஒருவர் கோலார் போகிற ஜட்கா ஓட்டுகிறவர், மற்றவர் ரயிலடியில் சோடா விற்கிறவர், இதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை என்றார் கிழவர். லூயிசா பிள்ளையை ஐடாவின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, தன் பேரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.